சத்திரத்தான் கையில் இரண்டு பணம்

2023-இல் எங்கள் சபையில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். கொழும்பிலிருந்து இரண்டு டொக்டர்மார் வந்தார்கள். சபை மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கி, போர்வை கட்டி மறைப்புச் செய்தோம். வாலிபர் சங்கப் பிள்ளைகள் பெயர் எழுதினார்கள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து டிவிஷன்கள் நான்கிலிருந்து இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். பிரஷர் பார்த்தோம், விரலில் குத்திச் சீனி பார்த்தோம். ஐம்பது வயது தாண்டியும் ஒரு தடவைகூடச் சீனி பார்க்காத பெண்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு உரியதைக் கடதாசி உறைகளில் போட்டுக் கொடுத்தோம். பின்னேரம் ஜெபம் பண்ணி, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம். அன்றிரவு மனநிறைவோடுதான் படுத்தேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கீழ் டிவிஷனிலிருந்து ஒரு பெண் கோயிலடிக்கு வந்தார். மலையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி அப்படியே இருந்தது. கையில் அந்தக் கடதாசி உறை, வெறுமையாக.

"சேர், இந்த மாத்திர முடிஞ்சு ஒரு மாசமாச்சுங்க. அடுத்தது எப்ப குடுப்பீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "டவுன் ஆஸ்பத்திரியில கிளினிக் இருக்கே அக்கா, அங்க போங்க" என்றேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். கிளினிக் செவ்வாய்க்கிழமை. போனால் அன்றைக்குப் பேர் இல்லை, நாள் சம்பளம் போய்விடும். போகவர பஸ் காசு வேண்டும். விடிய நாலரைக்கு ரோட்டுக்கு ஏறினால்தான் நம்பர் துண்டு கிடைக்கும். முன்பு ஒரு தடவை போயிருக்கிறார். "அவங்க சிங்களத்துல கேட்டாங்க. நா சொன்னது அவங்களுக்கு வெளங்கல, அவங்க சொன்னது எனக்கு வெளங்கல. அப்புறம் போகல சேர்."

உங்களுக்கு நோய் இருக்கிறது என்று அவரிடம் சொன்னவர்கள் நாங்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

அன்றிரவு லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். நல்ல சமாரியன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஞாயிறு பாடசாலையில் வருடம் தவறாமல் நாடகமாகப் போடுவோம். கள்ளனுக்கு வசனம் உண்டு, ஆசாரியனுக்கு உண்டு, லேவியனுக்கு உண்டு. சத்திரத்தானுக்கு மட்டும் வசனம் இருக்காது. கடைசியில் வந்து காசை வாங்கிக்கொண்டு தலையாட்ட வேண்டியதுதான். நாங்கள் பிரசங்கங்களிலும் அப்படித்தான் செய்துவந்தோம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய இடத்தில் கதையை முடித்துவிடுவோம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் சமாரியன் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். இவனை விசாரித்துக்கொள், மேலே செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.

அந்த ஒரு வசனத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. இரண்டு பணம் என்றால் எவ்வளவு? மத்தேயு இருபதாம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற எஜமான் நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசுகிறான். ஆக, இரண்டு நாள் கூலி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் 2700 ரூபாய். எங்கள் முகாமில் ஒரு ஆளுக்குச் செலவானது அதைவிடக் குறைவுதான். ஆனாலும் வித்தியாசம் தொகையில் இல்லை. "மேலே செலவானால்" என்ற வார்த்தையில் இருக்கிறது. அவன் குணமாகிற வரைக்கும் ஆகிற செலவு எவ்வளவென்று தெரியாமலே, அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்கிறான் சமாரியன். அந்தச் செலவைப் பார்க்க அங்கே ஒரு சத்திரமும் இருக்கிறது, திறந்தபடி, ஆள் வைத்து நடத்தப்பட்டபடி. அது அங்கே இல்லாமல் போயிருந்தால் சமாரியனின் எண்ணெயும் கழுதையும் அந்த மனுஷனை எவ்வளவு நாள் காப்பாற்றியிருக்கும்?

இதைச் சபையில் ஒரு மூத்த அண்ணனிடம் சொன்னேன். எங்கள் காலத்துச் சத்திரம் வரிக்காசில் நடக்கிற அரச ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னேன். முகாமுக்குத் தன் கைக்காசைப் போட்டவர், யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வேற தம்பி. சமாரியன் மனசு உருகிக் குடுத்தான். நீ சொல்றது அரசாங்கத்து வரி. கட்டாயத்துல வாங்கிறது எப்பிடி அன்பாகும்? ஏழைகளைப் பார்க்கச் சொல்லி ஆண்டவர் சபைக்குத்தான் சொன்னார்" என்றார். லேசில் தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல இது. நல்ல விசுவாசிகள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவருக்கு உடனே என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை ஒரு விதத்தில் அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சொந்தக் கதை. மலையகத்தில் மருந்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த எங்கள் முன்னோர் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தார்கள். வந்து சேர்ந்தவர்களை நோயாளியானதும் ரோட்டோரம் விட்ட தோட்டங்களும் இருந்தன. அதன் பிறகுதான் 1872-இல் மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. 1912-இல் இன்னும் விரிவாக. தோட்டங்கள் தொழிலாளரின் வைத்தியத்துக்குப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று ஆனது. தோட்டத்து டிஸ்பென்சரி அப்படி வந்ததுதான். அதில் நன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணத்தையும் பார்க்க வேண்டும். படுத்த ஆள் கொழுந்து எடுக்க மாட்டான், ஆகவே அவனை எழுப்ப வேண்டும். வேலைக்கு உதவாத கிழவிக்கும், பிறந்த பிள்ளைக்கும் அந்த எண்ணத்தில் எவ்வளவு இடம் இருக்கும்?

சபையும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 1854-இல் கண்டியில் தொடங்கிய அங்கிலிக்கன் மிஷனின் பெயரே தமிழ்க் கூலி மிஷன். தோட்டத் துரைமாரின் சந்தாவும் அதை நடத்தியது. எங்கள் குடும்பத்துக்குச் சுவிசேஷம் வந்ததே அப்படிப்பட்ட ஊழியர்கள் மலை மலையாக ஏறி இறங்கியதால்தான். அதற்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனாலும் துரை கொடுத்த காசில் ஊழியம் நடக்கும்போது, துரையின் கணக்கைக் கேட்கிற வாய் எங்களுக்கு மெல்ல மெல்ல மூடிப்போனது. அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

நாட்டின் மற்றப் பக்கத்தில் வேறு கதை நடந்தது. 1931-இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டுப் போனவர்களிடம் சனங்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கிராமத்துக்குக் கிராமம் டிஸ்பென்சரியும் மருத்துவமாதும் வந்தன. 1951-இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணமே இல்லையென்று ஆனது. 1971-இல் வெளிநோயாளருக்கு 25 சதம் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள், 1977-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பணக்கார நாடு இல்லை இது. அப்படியிருந்தும் பிரசவத்தில் தாய் சாகிற நிலைமையைப் பெருமளவு மாற்றிக் காட்டியது. உலகத்தில் யாரும் இதை மெச்சத்தான் செய்வார்கள்.

எங்களுக்கு என்ன நடந்தது? 1948-இல் பிரஜாவுரிமை போனது, அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. வாக்கு இல்லாத இடத்துக்கு யார் ஆஸ்பத்திரி கட்டுவார்கள்? அரச சுகாதார சேவை தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றது. 1950களிலும் 60களிலும் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை கொண்டுவந்தது. அந்தக் காசும் சேர்ந்துதான் நாடு முழுக்க வார்டுகள் எழும்பின. கொழுந்து எடுத்தவர்களுக்கு டிஸ்பென்சரித் தண்ணி மருந்து. என் அப்பாயி அதைப் பற்றிச் சொல்லுவார்: போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், காய்ச்சலுக்கும் அதே மருந்துதான், வயிற்று வலிக்கும் அதே மருந்துதான். 1974-இல், தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த அந்த வருடம், அப்பாயி தன் கடைசிப் பிள்ளையைப் பறிகொடுத்தார். இரண்டு வயது. போத்தல் மருந்து பாதி மிச்சம் இருந்ததாம். அதைக் கொட்ட மனம் வராமல் கன நாள் தட்டில் வைத்திருந்தேன் என்பார்.

ஆகவே "இலவச சுகாதாரம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. எங்கள் சனங்கள் காசை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். தங்களுக்குப் படுக்கை கிடைக்காத ஆஸ்பத்திரிக்கும் கட்டினார்கள்.

1990களில் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுக்கும் வேலை தொடங்கியது. சிலதை எடுத்தார்கள். இன்னும் பல தோட்டங்களில் மருத்துவ உதவியாளர் ஒருவரும் ஒரு அலுமாரி மருந்தும்தான் முதல் வாசல். 2016-இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். ஆசிரியர் என்ற முறையில் இந்த எண் எனக்குக் கடதாசியில் மட்டும் தெரிவதில்லை. காலைக் கூட்டத்தில் வரிசை நிற்கும்போது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். கட்டாயத்தில் கொடுப்பது அன்பாகுமா?

மோசேயின் சட்டத்தில் ஏழைக்குரியது பெரும்பாலும் கட்டளையாகத்தான் வருகிறது. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. மனமிருந்தால் விடு என்று எழுதவில்லை. ரூத் போவாசின் வயலில் பொறுக்கியது அப்படி அவளுக்கு உரியதாக ஏற்கெனவே விடப்பட்டிருந்த கதிர். போவாசின் நல்ல மனது அதற்கு மேலே வந்தது. அன்பு சட்டத்துக்கு மேலே வரட்டும், நல்லதுதான். சட்டத்துக்குப் பதிலாக அன்பை வைத்தால், போவாஸ் இல்லாத ஊரில் ரூத் பட்டினி கிடப்பாள்.

இன்னும் இரண்டு இடங்களை நான் சேர்த்து வாசிக்கிறேன். யாத்திராகமம் முப்பதில் எண்ணப்பட்ட ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவுக்காக அரைச்சேக்கல் கொடுக்க வேண்டும். ஐசுவரியவான் கூடக் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறையக் கொடுக்கக்கூடாது. கர்த்தருக்கு முன் ஒரு உயிரின் பெறுமதி இன்னொரு உயிரின் பெறுமதிதான். லேவியராகமம் பதினாலில் குஷ்டரோகி சுகமாகித் திரும்பி வரும்போது காணிக்கை செலுத்துகிறான். வழக்கமாக மூன்று ஆட்டுக்குட்டிகள். அவனுக்கு வாங்கத் திராணி இல்லையென்றால் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, மற்றதுக்குப் பதிலாகக் காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ இரண்டு, அதுவும் தன்னால் முடிந்தபடி. ஆனால் காதிலும் கைப் பெருவிரலிலும் கால் பெருவிரலிலும் ஆசாரியன் பூசுகிற இரத்தமும் எண்ணெயும் இருவருக்கும் ஒன்றே. புறா கொண்டு வந்தவனுக்குக் கால் பெருவிரல் விடுபடவில்லை.

உயிர் எல்லோருக்கும் சமம், செலவு அவரவர் திராணிக்கு ஏற்றபடி. பொதுச் சுகாதாரத்துக்கு எப்படிக் காசு சேர்ப்பது என்று கேட்டால் ஒரு கிறிஸ்தவனாக என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பொருளாதாரம் படித்தவர்கள் இதையே வேறு வார்த்தையில் சொல்லுவார்கள். எனக்கு அது ஆசாரியனின் விரல் நுனியில் தெரிகிறது.

இப்போது நாட்டில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2019 டிசம்பரில், பொருள் வாங்கும்போது கட்டுகிற வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக இறக்கினார்கள். சம்பளத்தில் வெட்டுகிற வரியையும் எடுத்தார்கள். பலர் கைதட்டினார்கள், எங்கள் சபையிலும் நன்றி ஜெபம் பண்ணியவர்கள் இருந்தார்கள். 2021-இல் அரசின் மொத்த வருமானம் தேசிய உற்பத்தியில் 9 வீதத்துக்கும் கீழே போனது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. கொவிட் இருந்தது, சுற்றுலா நின்றது, கடன் இருந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் டொலர் தீர்ந்து, மருந்து வாங்க வழியில்லாமல் நின்றோம். எங்கள் மருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்த வேண்டி வந்தது. மலையகத்தில் பெரிய வருத்தம் என்றால் கண்டிக்கும் பேராதனைக்கும்தான் அனுப்புவார்கள். அங்கேயே இல்லையென்றால் அடுத்த வாசல் எது? வரி குறைந்தபோது சத்திரத்தான் கையிலிருந்த இரண்டு பணத்தைத்தான் பிடுங்கினோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு வரியைக் கூட்டினார்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். வரி வேண்டும் என்று சொல்கிற நானே இதில் மனம் நொந்தேன். சவர்க்காரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டுகிற வரியில் ஐசுவரியவானும் தரித்திரனும் ஒரே வீதம். தேயிலை மலையில் நிற்கிறவளின் சம்பளம் முழுவதும் கடைக்கே போகிறது, ஆகவே அவளுடைய வருமானத்தில் வரியின் பங்கு கூட. இது புறாக் கொண்டு வந்தவளிடமும் மூன்று ஆட்டுக்குட்டி கேட்கிற முறை. வசதி உள்ளவர்களிடம் நேரடி வரியைச் சரியாக வாங்க வேண்டும். சபையில் வியாபாரம் செய்கிற சகோதரர்கள் இருக்கிறார்கள். இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு தசமபாகத்தை மட்டும் சரியாகப் போடுவது நேர்மை ஆகாது என்று அவர்களிடம் அன்போடு சொல்ல நினைக்கிறேன். ஒளித்து வைத்த வரியில் யாரோ ஒரு பிள்ளையின் இன்சுலின் இருக்கிறது.

நாட்டின் உற்பத்தியில் அரசு சுகாதாரத்துக்குச் செலவழிப்பது ஒன்றரையிலிருந்து இரண்டு வீதம் அளவில்தான் பல வருடங்களாக நிற்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எங்கள் சொந்தப் பையிலிருந்து போகிறது. பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள பெண்ணைப் பற்றி மாற்கு சொல்லும்போது, அநேக வைத்தியரிடம் போய் உள்ளதெல்லாம் செலவழித்தும் குணமாகவில்லை என்று சொல்கிறார். அவள் இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே ஏழையாகிவிட்டாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது அந்த வசனத்தை நான் விளங்கிக்கொண்டேன். அரச ஆஸ்பத்திரி ஒன்றில் இதயத்தை எக்கோ எடுக்கத் திகதி கொடுத்தார்கள், ஐந்து மாதம் தள்ளி. டொக்டர் நல்ல மனுஷன், "அவ்வளவு நாள் வைத்திருக்காதீர்கள்" என்றும் சொன்னார். என்ன செய்வது? கண்டியில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டித் தனியாரிடம் டொக்டரைப் பார்த்தோம். வான், சனல் காசு, எக்கோ, இரத்தப் பரிசோதனை. தங்கையின் தோடு அடகுக்குப் போனது. ஆசிரியர் சம்பளம் உள்ள வீடு இது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு அறையில் இருக்கிறவர்கள் ஐந்து மாதம் காத்திருப்பார்கள். சிலர் அந்த ஐந்து மாதத்தைத் தாண்ட மாட்டார்கள்.

காசு சேர்ந்தால் மட்டும் போதாது, அதை நடத்துகிற கை சுத்தமாக இருக்க வேண்டும். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கியதும் வெள்ளியும் வஸ்திரமும் நீட்டினான். எலிசா ஒன்றையும் வாங்கவில்லை. அவனுடைய வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கிக்கொண்டான். நாகமானின் குஷ்டம் கேயாசியைப் பிடித்தது. 2023-இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது தெரியவந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே அதன் தொடர்பில் கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் மருந்து வாங்குகிற மேசையில் கேயாசி உட்கார்ந்தால் நோய் யாரைப் போய்ப் பிடிக்கும் என்பதை நினைத்தால் தூக்கம் வராது. அங்கே கேயாசியைத்தான் அவனுடைய பாவம் பிடித்தது. இங்கே வார்டில் கிடக்கிறவனைப் பிடிக்கிறது.

இதே நாட்டில் சேனக பிபிலே என்ற பேராசிரியர் இருந்தார். 1970களின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்து, தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்தெடுத்து, விலைப்பட்ட பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் இயற்பெயரிலேயே உலகச் சந்தையில் போட்டிக்கு விட்டு வாங்கினார். செலவு இறங்கியது. அவர் இடதுசாரி, ஆலயத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டவர் இல்லை. ஆனால் உண்மையுள்ள உக்கிராணக்காரன் என்று வேதம் சொல்லும்போது எனக்கு அவருடைய வேலைதான் ஞாபகம் வரும். 1977-இல் கயானாவில் இறந்தார். எங்கள் சபைகளில் அவருடைய பெயரை யாரும் சொன்னதில்லை.

சத்திரத்தானையும் பார்க்க வேண்டும். மழையில் அட்டை கடிக்க மலை ஏறி வருகிற மருத்துவமாது, ஒரே இரவில் இரண்டு வார்டைப் பார்க்கிற நர்ஸ் மிஸ், குளவி கொட்டி ஐந்து பேரை ஒன்றாகக் கொண்டுவரும்போது ஊசி இருக்கிறதா என்று அலுமாரியைத் துழாவுகிற மருத்துவ உதவியாளர். 2022-க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களைத் துரோகி என்று திட்ட எனக்கு மனம் வருவதில்லை. சத்திரத்தானுக்கும் வீடு வாசல் உண்டு. அவனுக்குச் சமாரியன் சும்மா செய் என்று சொல்லவில்லை, காசு கொடுத்தான்.

இந்தியா கட்டிக் கொடுத்த டிக்கோயா ஆஸ்பத்திரியை 2017-இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸும் இந்தியாவின் உதவியில் தொடங்கியதுதான். கொழுந்து லொறியில் பிரசவ வலியோடு போன காலம் தெரிந்த எங்களுக்கு அந்த வெள்ளை வண்டியின் அருமை தெரியும். நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். என்றாலும் கட்டிடத்தைப் பரிசாக வாங்கலாம், அதற்குள் நாளாந்தம் ஆகிற மருந்தையும் சம்பளத்தையும் யாரும் வருடா வருடம் பரிசாகத் தர மாட்டார்கள்.

சபைக்கு வேலை இல்லையா என்று அண்ணன் கேட்பார். நிறைய இருக்கிறது. கண்டியில் 1972-இல் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்ட மக்களின் பக்கம் நின்று, அவர்களுக்கு உரியதை உரிமையாகவே கேட்டுப் பல வருடம் உழைத்தார். அவர் சிங்களவர்களோடும் தமிழர்களோடும் ஒன்றாக உட்கார்ந்து பேசியவர். 1963-இல் பாப்பரசர் 23ஆம் யோவான் சமாதானத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் மனிதனின் உரிமைகளில் மருத்துவப் பராமரிப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தார். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அந்த வரி என்னுடைய விசுவாசத்துக்கும் உரிய வரிதான்.

எங்கள் சபையில் இப்போது முகாம் நடத்துவதில்லை. அண்ணன் உட்படக் கமிட்டியில் பேசித்தான் முடிவெடுத்தோம். அந்தக் காசில் செவ்வாய்க்கிழமைகளில் கீழ் டிவிஷனிலிருந்து டவுன் கிளினிக்குக்கு ஒரு வான். ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, சிங்களம் நன்றாகத் தெரிந்த இரண்டு வாலிபப் பிள்ளைகளை உடன் அனுப்புகிறோம். பெதஸ்தா குளத்தடியில் முப்பத்தெட்டு வருடம் கிடந்தவன், தண்ணீரில் இறக்கிவிட எனக்கு ஒருவரும் இல்லை என்றான். அந்த ஒருவராவது இருக்கட்டும் என்று.

தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியும் வாங்கினோம். இல்லையென்று வெளியில் வாங்க எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு மருந்தையும் அதில் பதிகிறோம். திகதி, மருந்தின் பெயர், விலை, யார் கட்டியது. நோயாளியின் பெயர் எழுதுவதில்லை, வயதும் டிவிஷனும் மட்டும். மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு தடவை கடிதமாக அனுப்பினோம். அடுத்ததை அண்ணன் எழுதுகிறார், அவருடைய கையெழுத்துத்தான் நல்லது.

போன செவ்வாய் நானும் லீவு போட்டுப் போனேன். அந்த அக்கா வானில் முன் சீட்டில் இருந்தார், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவருடைய நம்பர் 23. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வந்தார். "டொக்டர் கேட்டதெல்லாம் தம்பி எனக்குச் சொன்னுச்சு, நா சொன்னதெல்லாம் டொக்டருக்குச் சொன்னுச்சு" என்றார். பாமசி ஜன்னலில் ஒரு மாத்திரை இருந்தது, மற்றது இல்லை. துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ரோட்டைக் கடந்து கடையில் வாங்கினோம், ஒரு மாதத்துக்கு 640 ரூபாய். கொப்பியில் அது 57ஆவது வரி.